விசாரணை படமும் சேலத்துப் போலீஸ் கதைகளும்

தமிழ்நாட்டில் போலீஸ் படம் பார்க்கிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அடி வாங்குகிறவன் ரவுடி என்றால் விசில் அடிப்பவர்கள் ஒரு வகை. அடி வாங்குகிறவன் அப்பாவி என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக் கொள்பவர்கள் இன்னொரு வகை. வேடிக்கை என்னவென்றால் இரண்டு வகையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்!

2003 மே மாதம் 'சாமி' வந்தது. அதில் விக்ரம் நடித்த போலீஸ் அதிகாரி ஊர்த் தாதாவிடம் மாமூல் வாங்குகிறார். வாங்கிக்கொண்டே ஊரை அமைதியாக வைத்திருக்கிறார், சமயம் வரும்போது தாதாவைத் தீர்த்துக் கட்டுகிறார். மாமூலும் என்கவுண்டரும் சேர்ந்த அந்த அதிகாரியை ஜனங்கள் கொண்டாடினார்கள். அதே ஆண்டில் 'காக்க காக்க' வந்தது, அதற்கும் கைதட்டல். கிட்டத்தட்ட பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 5 அன்று வெற்றிமாறனின் 'விசாரணை' வந்தது. அங்கே கைதட்டச் சந்தர்ப்பமே இல்லை. படம் முடிந்து வெளியே வந்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: நல்ல படம், ஆனால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

படத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பிழைப்புக்காக ஆந்திராவின் குண்டூருக்குப் போய், பூங்காவில் படுத்துத் தூங்கி, மளிகைக் கடையிலும் மற்ற இடங்களிலும் கூலி வேலை செய்யும் தமிழ்ப் பையன்கள். பெரிய இடத்து வீடு ஒன்றில் திருட்டு நடக்கிறது. கேஸை முடிக்க ஆள் வேண்டும். மொழி தெரியாத, கேட்க நாதியில்லாத இவர்களைப் பிடித்து உள்ளே தள்ளி, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். பாதிப் படம் இதுதான். தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் (சமுத்திரக்கனி) கோர்ட்டில் இவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல, விடுதலை கிடைக்கிறது. அதோடு தப்பித்தார்கள் என்று பார்த்தால், அவர் அழைத்துவரும் சென்னை ஸ்டேஷன் அதைவிடப் பெரிய பொறி. அங்கே அரசியல்வாதிகளின் பணம் கையாண்ட ஆடிட்டர் ஒருவர் காவலில் சாகிறார். அதை மறைக்கும் பேச்சு இந்தப் பையன்களின் காதில் விழுந்துவிட்டது. அப்புறம் என்ன நடக்கும்?

முதல் பாதி கற்பனை அல்ல. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983ல் குண்டூரில் லாக்கப்பிலும் பிறகு சிறையிலும் அடைபட்டிருந்த அனுபவத்தை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதிலிருந்து எடுத்தது. 2015 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டபோது அந்த ஆட்டோ ஓட்டுநரும் அங்கே போயிருந்தார். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலி அமைப்பின் விருது அங்கே கிடைத்தது. பிறகு சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, சமுத்திரக்கனிக்குச் சிறந்த துணை நடிகர் விருது, படம் வெளிவருமுன்பே இறந்துபோன எடிட்டர் கிஷோருக்கு எடிட்டிங் விருது. அந்த ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுவே. ரஜினிகாந்த் போன்றவர்களும் வெளிப்படையாகப் பாராட்டினார்கள்.

பாராட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். பார்த்தவர்களின் சண்டை இரண்டாம் பாதியைப் பற்றித்தான். நாவலில் இல்லாத அந்தப் பகுதி படத்தை வேறு படமாக்கிவிட்டது என்றார்கள் சிலர். இன்னும் சிலர், முதல் பாதியில் ஆந்திரப் போலீஸைக் காட்டிவிட்டு அதோடு நிறுத்தியிருந்தால் 'அது அந்த ஊர்ப் போலீஸ், நம்ம ஊர்ப் போலீஸ் அப்படியில்லை' என்று சொல்லித் தப்பித்திருப்போம், இரண்டாம் பாதி அந்த வழியை அடைத்துவிட்டது என்றார்கள். இந்த இரண்டாவது கட்சிதான் சரி. முதல் பாதியில் அடிப்பது கேஸை முடிக்க, இரண்டாம் பாதியில் கொல்வது பணத்தை மறைக்க. இரண்டும் ஒரே வேலையின் கீழ்ப்படியும் மேல்படியும் என்று படம் காட்டுகிறது. கடைசிக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதைப் பாராட்டிப் பேசியவர்களும் 2016ல் தியேட்டரில் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா?

சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்களுக்கு இந்தப் படம் இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. நாமக்கல் லாரி போகாத மாநிலம் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆந்திரா, கர்நாடகா தாண்டி வடக்கே வரைக்கும் போர் போடப் போகின்றன. வண்டியோடு போகிற டிரைவருக்கும் கிளீனருக்கும் ரிக் வேலையாளுக்கும் வெளிமாநிலச் செக்போஸ்ட், வெளிமாநிலப் போலீஸ் என்பதெல்லாம் சினிமாவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விசயங்கள் அல்ல. மொழி தெரியாத ஊரில் காக்கிச் சட்டை முன்னால் நிற்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படம் வருவதற்குப் பத்து மாதம் முன்னால், 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை அந்த மாநில அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் தமிழர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலையடிவார ஊர்க்காரர்கள். அதாவது சேலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். போலீஸ் அடி என்பது எப்போது தொடங்கியது? இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் ரயத்துவாரி முறையை முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குடியானவனிடமும் சர்க்கார் நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை. பிற்பாடு 1816ல் வந்த சட்டப்படி வரி வசூலிக்கிற தாசில்தாரே போலீஸ் வேலையையும் பார்த்தார். வரி கேட்கிறவனும் பிடித்து அடைக்கிறவனும் ஒரே ஆள் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நடந்ததை வெள்ளைக்கார அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்து பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகு, சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளை விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிஷன் போடப்பட்டது. 1855ல் அறிக்கை வந்தது. விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெரிக்கும் 'கிட்டி', தலையைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது, முதுகில் கல்லை ஏற்றுவது எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. தீர்வை பாக்கிக்காகவும் இதே அடி, திருட்டை ஒப்புக்கொள்ளவும் இதே அடி. கார்ல் மார்க்ஸ் 1857ல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இந்த அறிக்கையை வைத்துக் கட்டுரையே எழுதினார். கமிஷனுக்குப் பிறகு 1859ல் சென்னை மாகாணத்தில் போலீஸ் தனித் துறையாகப் பிரிந்தது. 1872ல் வந்த சாட்சியச் சட்டம், போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று சொன்னது. அடித்து வாங்குகிறார்கள் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்ததால்தான் அப்படி ஒரு பிரிவு. ஆனால் அதே சட்டம் ஒரு சந்தும் விட்டது. பிடிபட்டவன் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கிடைத்தால் அந்த அளவுக்கு அவன் சொன்னது செல்லும். 'விசாரணை'யில் வரும் அடிகளுக்கு இந்தச் சந்தும் ஒரு காரணம்.

சட்டப் புத்தகத்தில் இவ்வளவு இருந்தும் சினிமாவில் இது வெகுகாலம் வரவில்லை. ஏன்? சுலபமான காரணம். 1918ல் வந்த சினிமாச் சட்டப்படி சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தபோது அதற்குத் தலைவர் யார் தெரியுமா? போலீஸ் கமிஷனர்! தன்னைப் பற்றிய படத்தைத் தானே வெட்டுகிற அதிகாரம் இருக்கும்போது யார் போலீஸ் லஞ்சம் வாங்குவதைப் படம் எடுப்பார்கள்?

இந்த இடத்தில் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வருகிறார். உப்பு சத்தியாகிரகப் பாட்டுக்காகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். 1888ல் மோகனூரில் பிறந்த அவருடைய அப்பா போலீஸ் துறையில் வேலை பார்த்தவர். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை சத்தியாகிரகியாகிச் சிறைக்குப் போனது ஒரு கதை என்றால், அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவல் இன்னொரு கதை. அதில் போலீஸ் தேடுகிற கள்ளன் நல்லவன், ஊரில் பெரிய மனிதர்களாக உலவுகிறவர்கள்தான் உண்மையான திருடர்கள். 1954ல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ இதைப் படமாக எடுத்தது. எம்.ஜி.ஆர். நடிப்பு, மு. கருணாநிதி வசனம், ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம். டி.எஸ். துரைராஜ் நடித்த போலீஸ்காரரைப் பார்த்துத் தியேட்டர் சிரித்தது. படம் பெரிய வெற்றி. அடுத்த ஆண்டே இந்தியில் திலீப் குமாரை வைத்து 'ஆசாத்' என்று எடுத்தார்கள். போலீஸைத் திருடன் என்று காட்ட முடியாத காலத்தில் போலீஸைக் கோமாளியாகக் காட்டலாம் என்ற வழி கிடைத்தது. வெகுநாளைக்குத் தமிழ்ப் படத்தில் கான்ஸ்டபிள் என்றாலே தொப்பையும் தொப்பியும்தான் என்று ஆனதற்குப் பின்னால் ஜனங்களின் கோபமும் கொஞ்சம் இருக்கிறது.

சேலத்தில் அதே நேரத்தில் ஒரு சினிமாத் தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930களில் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. 1950ல் அவர்கள் எடுத்த 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவின் மகனே கொள்ளைக்கூட்டத் தலைவன். அதிகாரத்தில் இருப்பவன் வீட்டிலேயே திருடன் என்ற கதையை ராஜா காலத்து வேஷம் போட்டுத்தான் சொல்ல முடிந்தது. அதே ஆண்டில் எம்.என். நம்பியார் பல வேஷங்களில் துப்பறிந்த 'திகம்பர சாமியார்' வந்தது.

அதே 1950ல், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலம். உள்ளே அடைபட்டிருந்த 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள், அப்போது அதுவும் சென்னை மாகாணம்தான். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பூட்டிய சிறைக்குள் இருந்தவர்களைச் சுட்டது சேலத்தில் நடந்த மிகப் பெரிய போலீஸ், சிறைக் கதை. அதே ஊரில் காமிரா, செட், நடிகர்கள், வசனகர்த்தாக்கள் எல்லோரும் இருந்தும் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எடுத்திருந்தால் தணிக்கை விட்டிருக்காது. சுதந்திர தினத்தில் மிட்டாய் வாங்கித் தின்ற சேலத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த 22 பேரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

சுந்தரம் 1963ல் இறந்த பிறகு அதே கம்பெனி ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. கோட்டு, தொப்பி, ரகசிய அறை, கடத்தல் கும்பல். இதில் சி.ஐ.டி. அடிப்பது வில்லனைத்தான். லாக்கப் என்று ஒன்று இருப்பதாகவே அந்தப் படங்களுக்குத் தெரியாது! பிறகு 1974ல் சிவாஜியின் 'தங்கப்பதக்கம்' வந்தது, கடமைக்காக மகனையும் சுடத் துணியும் அதிகாரி. 1982ல் 'மூன்று முகம்' அலெக்ஸ் பாண்டியன். கோமாளிக் கான்ஸ்டபிள், தெய்வ அதிகாரி என்று இரண்டே அச்சுகள். நடுவில் இருக்கிற ஏட்டையா, ரைட்டர், இன்ஸ்பெக்டர் யாரும் படத்தில் இல்லை. மாமூல் ஓடுவது அவர்கள் வழியாகத்தான்.

1990களில் மேட்டூருக்கு மேலே காட்டில் நடந்தது படங்களையெல்லாம் விஞ்சியது. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மலை ஊர்களில் நடந்துகொண்ட விதம் பற்றி நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே 1991ல் 'கேப்டன் பிரபாகரன்' வந்து, காட்டுக்குள் போகும் அதிகாரிதான் நாயகன் என்று தீர்மானம் ஆகியிருந்தது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம்! அதே 2023ல் வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் வந்தபோது, கிராமத்துப் பெண்களை ஸ்டேஷனில் வைத்துச் செய்யும் கொடுமைகளைப் பார்த்த பலருக்கும் வாச்சாத்திதான் ஞாபகம் வந்தது.

ஆக 'விசாரணை'க்குப் பிறகு ரசிகர்களின் கருத்து மாறியதா? மாறியது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது, மாறவில்லை என்று சொல்லவும் ஆதாரம் இருக்கிறது. 2021ல் 'ஜெய் பீம்', 'ரைட்டர்', 2022ல் 'டாணாக்காரன்' என்று ஸ்டேஷனுக்குள்ளேயே நடக்கும் படங்கள் வந்தன, ஜனங்கள் பார்த்தார்கள். ஆனால் 'ஜெய் பீம்' வந்தபோது வட மாவட்டங்களில் பேச்சு வேறு பக்கம் போனது. 1993ல் கடலூர் மாவட்டத்தில் நடந்த உண்மைக் காவல் கொலை அது. படத்தில் அந்தச் சப்-இன்ஸ்பெக்டரின் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் எந்தச் சாதியைக் குறிக்கிறது என்று சண்டை. பா.ம.க. தரப்பு எதிர்த்தது, படக்குழு காலண்டரை மாற்றியது. அந்தக் காலண்டரை வைத்தது தேவையில்லாத வேலை என்று வாதிடலாம்தான். ஆனாலும் லாக்கப்பில் செத்தவனைப் பற்றிப் பேச வேண்டிய வாரங்கள் சுவரில் தொங்கிய காலண்டரோடு போய்விட்டன.

இன்னொரு பக்கம் 'மாவுக்கட்டு' நகைச்சுவை. பிடிபட்டவர் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார் என்ற செய்தியும் கையில் கட்டோடு போட்டோவும் வரும்போது, 'விசாரணை'யைப் பார்த்துக் கண் கலங்கியவர்களும் சிரிக்கிறார்கள். கட்டுப் போட்டவன் நிஜமாகவே குற்றவாளியா என்று விசாரிக்கிற பொறுமை யாருக்கும் இல்லை. படத்தில் அந்தப் பாண்டியும் போலீஸ் கணக்கில் திருடன்தானே? நாம் பாத்திரத்தோடு இரண்டு மணி நேரம் இருந்ததால் அவன் அப்பாவி என்று தெரிந்தது. போட்டோவில் இருப்பவனோடு அப்படி யாரும் இருப்பதில்லை.

2021 ஜூனில் கொரோனா ஊரடங்கு சமயம், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி செக்போஸ்ட்டில் ஒரு வியாபாரியைச் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் லத்தியால் அடித்தார், மறுநாள் அவர் இறந்தார். அடித்தது வீடியோவில் இருந்தது, ஊரே பார்த்தது, அந்த எஸ்.ஐ. கைதானார். அந்தச் சமயம் யாரும் இது ரவுடிக்கு விழுந்த அடி என்று சொல்லவில்லை. காரணம், அடி வாங்கியவர் யார் என்று கண்ணால் பார்த்தார்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரத்தை மீறினார்கள் என்று பிடிக்கப்பட்ட அப்பாவும் மகனும் செத்தபோது, 'விசாரணை' படத்தைச் சொல்லாதவர் குறைவு. காவலில் வைக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே டி.கே. பாசு வழக்கில் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தது. சாத்தான்குளம் நடந்த அதே ஆண்டு டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் காமிரா வைக்க வேண்டும், பதிவுகளைப் பல மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் காமிரா ஏற்கெனவே இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தபோது ஹார்டு டிஸ்க்கில் தாராளமாக இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். இரவு முழுக்க நடந்ததைச் சாட்சி சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்.